ஒன்பதாம் அத்தியாயத்துச் செருப்பு

ஜூன் 9

சின்னவளுக்கு,

போனில் பேசினால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய். அதனால்தான் கடிதம். பதிலும் கடிதமாகவே வரட்டும். உன் அண்ணனைத் தூது விடாதே. சொல்லி அனுப்புவதில் பாதியை அவர் வழியிலேயே தொலைத்துவிடுவார்.

முதலில் செய்தி. எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. இங்கே பெண்கள் பள்ளியில் தமிழாசிரியை பிரசவத்துக்குப் போயிருக்கிறார். அவர் திரும்பும் வரை பத்தாம் வகுப்பு என் கையில். கல்யாணத்துக்குப் பிறகு மூட்டை கட்டி வைத்த படிப்பை எடுத்துத் தூசி தட்டியிருக்கிறேன். போன முதல் நாளே தலைமையாசிரியை இரண்டு புத்தகங்களைக் கொடுத்தார். ஒன்று துணைப்பாட நாவல். மற்றது அந்த நாவலுக்கு நீ எழுதிய கைடு. "நாவல் படிக்க நேரமில்லேன்னா பரவால்ல. பரீட்சைல கேக்கறதெல்லாம் கைடுலயே இருக்கு" என்றார். எழுதியவள் என் நாத்தனார் என்று நான் வாயைத் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருப்பாய், எனவே எழுதிவிடுகிறேன். அந்தக் கைடு அச்சாகி வந்த அன்று உன் வீட்டில் ஏழெட்டுப் பேர் டீ குடித்துக்கொண்டிருந்தோம். உன் அண்ணன் புத்தகத்தைப் புரட்டி, 'மூத்த மருமகளின் பண்புநலன்கள்' என்ற பக்கத்தைச் சத்தமாக வாசித்தார். வாய்த்துடுக்கு உடையவள். முகத்தில் அடித்தாற்போல் பேசுபவள். வீட்டுக்கு வருபவரை வாசலிலேயே எடை போடுபவள். சர்க்கரை டப்பாவைப் பூட்டி வைப்பவள். ஒவ்வொரு வரிக்கும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். நீயும்தான் சிரித்தாய்.

நம் குடும்பத்தில் நான் ஒரே மருமகள். மூத்தவளும் நானே, இளையவளும் நானே. அன்று முதல் உன்னோடு பேசவில்லை, உன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நாங்கள் இந்த ஊருக்கு மாறி வந்தபோதும் உன்னை வா என்று கூப்பிடவில்லை. இரண்டு வருடமாகப் போகிறது.

இப்போது அதே பக்கத்தை நான் கரும்பலகைக்கு முன் நின்று பாடமாக நடத்த வேண்டும். அதற்கு முன் நாவலை எழுத்து விடாமல் படிக்கப் போகிறேன். நீ எழுதிய ஒவ்வொரு குணத்துக்கும் நாவலில் ஆதாரம் தேடப் போகிறேன். நாவலில் இல்லாத ஒன்று கைடில் இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று நீதான் சொல்ல வேண்டும். என்னை வைத்து எழுதினாயா இல்லையா என்பது அப்போது தெரிந்துவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


ஜூன் 17

அன்புள்ள அண்ணி,

தபால்காரர் கையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. திட்டுவதற்காவது எழுதினீர்களே! உங்கள் கடிதத்தைக் கல்லூரிக்கு எடுத்துப்போய், முதல் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் நடுவில் மறுபடி படித்தேன். "ஏதாவது நல்ல சேதியா மேடம்?" என்று அலுவலக உதவியாளர் கேட்டார். "எங்க அண்ணி என்னைத் திட்டி எழுதியிருக்காங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

வேலைக்கு வாழ்த்துகள். அந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை நினைத்தால் கொஞ்சம் பாவமாகவும் இருக்கிறது.

அண்ணி, சத்தியமாக அது நீங்கள் இல்லை. எல்லாமே நாவலில் இருப்பது. சர்க்கரை டப்பா மூன்றாம் அத்தியாயம். விருந்தாளியின் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "இதுல என்ன, ஒரு மாசத்துக்குத் துணியா?" என்று கேட்பது ஐந்தாம் அத்தியாயம். முகத்தில் அடித்த பேச்சுக்கு அத்தியாயமே சொல்ல வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் வரும். அன்று நான் சிரித்தது அண்ணன் வாசித்த லட்சணத்துக்கு. ரேடியோவில் வானிலை அறிக்கை படிப்பவர் மாதிரி முக்கி முக்கி வாசித்தார். நீங்கள் எழுந்து சமையலறைக்குள் போனதை நான் கவனித்தேன். பின்னாலேயே வந்திருக்க வேண்டும். வராததற்கு என்னைத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

கைடு அவசரத்தில் எழுதியது என்பது மட்டும் உண்மை. பதிப்பகக்காரர் எங்கள் வரவேற்பறை நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டு, எழுதிய தாளைச் சூடாக வாங்கிக்கொண்டு போனார். இப்போது புதுப் பதிப்பு போடப் போகிறார். திருத்தம் இருந்தால் இந்த மாதக் கடைசிக்குள், மிஞ்சிப்போனால் அடுத்த மாதம், கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறார். நீங்கள் தேடுங்கள். நாவலில் இல்லாத ஒரு வரி கிடைத்தாலும் அந்தப் பகுதியையே எடுத்துவிடுகிறேன்.

ஒன்று கேட்கவா? உங்கள் புது வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியாது. தேடிப் பார்த்து நான் நிரபராதி என்று முடிவானால், ஒரு தடவை வரட்டுமா?

சின்னவள்


ஜூலை 2

சின்னவளுக்கு,

படித்து முடித்தேன். பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் குறித்து, வரி வரியாகப் படித்தேன். உன் அண்ணன் இரண்டு வேளை தானே சமைத்துச் சாப்பிட்டார். ஒன்றும் ஆகிவிடவில்லை.

ஒப்புக்கொள்கிறேன். நீ எழுதிய வசவெல்லாம் நாவலில் இருக்கிறது. அவள் என்னைவிட ஒரு படி மேல். மாமனாரின் கடிகாரக் கடைக்கு வந்த ஆளிடம், "ரிப்பேருக்குக் குடுக்கவா வந்தீங்க, நேரம் கேக்கவா?" என்று கேட்கிறாளே, அதைப் படித்துவிட்டு நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். எனக்கே அது தோன்றியிருக்காது. ஆக, அந்த விஷயத்தில் உன் மேல் பழியில்லை.

ஆனால் உன் கைடு மேல் எனக்கு வேறு கோபம் வந்திருக்கிறது. 'சிக்கனம்' என்பதைக் குறைகளின் வரிசையில் போட்டிருக்கிறாய். கடையில் கடிகாரம் வாங்க ஆள் வருவதில்லை. வீட்டில் ஒன்பது பேர் சாப்பிட வேண்டும். சர்க்கரை டப்பாவைப் பூட்டாமல் என்ன செய்வாள்? அந்தப் பூட்டின் சாவியை அவள் மாமனாரிடம்தானே கொடுத்து வைக்கிறாள்? தானும் எடுக்கக் கூடாது என்றுதான். அதே பக்கத்தில் இருக்கிறது, நீ பார்க்கவே இல்லை. பிறகு, 'கடிகாரம் காலத்தின் குறியீடு' என்று பெட்டி கட்டிப் போட்டிருக்கிறாய். கடிகாரம் காலத்தைக் காட்டாமல் கத்தரிக்காயையா காட்டும்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எல்லாக் குணத்தையும் சொல்லிவிட்டுக் கடைசியில் 'உள்ளே ஈரம்' என்று ஒரு தலைப்பு வைத்திருக்கிறாய். கடைக்குட்டி நாத்தனார் நுழைவுத் தேர்வுக்குப் போகும்போது பேருந்து நிறுத்தத்தில் அவள் செருப்பு அறுந்துவிடுகிறதாம். மூத்த மருமகள் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கொதிக்கும் தார்ச்சாலையில் வெறுங்காலோடு வீடு திரும்புகிறாளாம்.

நாவலில் அப்படி ஒன்று இல்லை.

ஒன்பதாம் அத்தியாயத்தில் பேருந்து நிறுத்தம் வருகிறது. இவள் போகிறாள். டிபன் பாக்ஸைக் கையில் திணிக்கிறாள். "பஸ் வந்துடுச்சு, ஏறு. வாய் பாத்துக்கிட்டு நிக்காதே" என்கிறாள். முடிந்தது. யாருடைய செருப்பும் அறுந்துபோகவில்லை.

வகுப்பில் கேட்டேன். முப்பது பேரும் செருப்புக் காட்சியைத் தண்ணீர்பட்ட பாடாக ஒப்பித்தார்கள். கடைசி வரிசைப் பெண் ஒருத்தி மட்டும், "அது புக்குல இல்ல டீச்சர். ஆனா எழுதினா மார்க் போடறாங்க" என்றாள். எத்தனை பள்ளியில் எத்தனை பிள்ளைகள் இல்லாத செருப்பை எழுதிவிட்டு வந்திருக்கிறார்களோ! திருத்துகிறவர்களும் உன் கைடைத்தான் பார்த்துத் திருத்துகிறார்கள் போலிருக்கிறது.

வசவுக்கெல்லாம் ஆதாரம் காட்டினாய். புகழுக்கு மட்டும் ஏன் பொய் சொன்னாய்? அந்தப் பெண்ணுக்கு இல்லாத நல்ல பெயரை நீ ஏன் வாங்கிக் கொடுக்க வேண்டும்?

அண்ணி


ஜூலை 8

அண்ணி,

அவசரமாக எழுதுகிறேன். செருப்புக் காட்சி இருக்கிறது. ஒன்பதாம் அத்தியாயம், பேருந்து நிறுத்தம். எனக்குக் கண்ணில் நிற்கிறது. தார் இளகி மினுமினுக்கிறது. நீலப் பட்டை போட்ட செருப்பு. பக்கிள் போய்விட்டதால் பட்டையை ஊக்கு போட்டு மாட்டியிருப்பாள். கழற்றிக் காலாலேயே தள்ளிவிட்டு, "போட்டுக்கிட்டுப் போ" என்பாள். அந்தக் காட்சிக்காகத்தான் எனக்கு அந்த நாவலே பிடிக்கும்.

உங்களிடம் இருப்பது பள்ளிக்கூடத்துக்காகச் சுருக்கிய பதிப்பாக இருக்கும். இந்தப் பதிப்பாளர்களுக்குப் பக்கத்தைக் குறைப்பதென்றால் கை துறுதுறுவென்று இருக்கும். ஊர் நூலகத்தில் பழைய முழுப் பதிப்பு இருந்தால் எடுத்துப் பாருங்கள். என் பிரதியை யாரோ மாணவி வாங்கிப்போனாள், அது ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இருக்கிறது என்று பந்தயம் கட்டுகிறேன். தோற்றால் உங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் பாத்திரம் கழுவுகிறேன்.

சின்னவள்


ஜூலை 15

சின்னவளுக்கு,

நூலகத்துக்குப் போனேன். பழைய பதிப்பை நூலகர் அடித்தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அங்கேயே மேசையில் இரண்டையும் பக்கம் பக்கமாக விரித்து வைத்துப் பார்த்தேன். ஒரு எழுத்துக்கூட மாற்றமில்லை. செருப்பு இல்லை.

அதோடு இன்னொன்று. நீலப் பட்டை என்று எழுதியிருக்கிறாய். ஊக்கு என்று எழுதியிருக்கிறாய். இவை நாவலில் இல்லை என்பது ஒரு பக்கம், உன் கைடிலும் இல்லை. கைடில் வெறுமனே 'தன் செருப்பை' என்றுதான் போட்டிருக்கிறாய். காலால் தள்ளிவிட்டதாகவும் அதில் கிடையாது. எந்தப் புத்தகத்திலும் இல்லாததை நீ எங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தாய்? நன்றாக யோசித்துச் சொல். வேறு ஏதாவது நாவலோடு குழப்பிக்கொண்டாயா?

தலைமையாசிரியையிடம் சொன்னேன். "கைடு வந்து ரெண்டு வருஷமா யாரும் கேக்கல, நீங்க வந்து ஒரு மாசத்துல கேக்கறீங்க" என்றார். பாராட்டா, திட்டா என்று தெரியவில்லை. புதுப் பதிப்பில் சரிசெய்துவிடுவார்கள் என்று சொல்லியிருக்கிறேன். என் பேரைக் காப்பாற்று.

அண்ணி

பாத்திரம் கழுவ வேண்டாம். உன் கைக்கு எதுவும் உடையாமல் தப்பாது.


ஜூலை 21

என் அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைக் கல்லூரி வாசலில், பேருந்துக்குக் காத்துக்கொண்டு நிற்கும்போது படித்தேன். 'எங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தாய்' என்ற இடத்தில் நிமிர்ந்தேன். எதிரே ஒரு பெண் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். எனக்குச் சுரீர் என்றது. என் பேருந்து வந்தது, போனது. நான் ஏறவில்லை.

அண்ணி, அது நீங்கள்.

உங்களுக்கு ஞாபகமே இல்லையா? நீங்கள் நம் வீட்டுக்கு வந்த புதிது. எனக்கு இந்தக் கல்லூரி வேலைக்கு நேர்முகத் தேர்வு. அண்ணன் ஊரில் இல்லை. துணைக்கு வருகிறேன் என்று நீங்கள் சொல்லவில்லை. சும்மா பின்னாலேயே வந்தீர்கள். பேருந்து தெரு முனையில் திரும்புவது தெரிந்ததும் நான் ஓடினேன். ஓடியதில் வலது கால் செருப்பு அறுந்தது. நான் அழ ஆரம்பித்தேன். நீங்கள் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. உங்கள் நீலப்பட்டைச் செருப்பைக் கழற்றிக் காலால் என் பக்கம் தள்ளினீர்கள். "போட்டுக்கிட்டுப் போ. மூக்கைத் தொடை முதல்ல" என்றீர்கள். பிறகு அத்தனை பேருக்கு முன்னால் தரையில் குனிந்து, என் காலில் அந்த ஊக்கை நீங்களே மாட்டிவிட்டீர்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தீர்கள். சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் துணி மடித்துக்கொண்டிருந்தீர்கள். "கெடைச்சுதா?" என்று கேட்டீர்கள். "கெடைச்சுது" என்றேன். அதற்குப் பிறகு நீங்களும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஒரு நன்றி சொன்னேனா என்று யோசித்துப் பார்த்தேன். சொன்ன மாதிரி நினைவில்லை.

எப்படி நடந்தது என்று இப்போது புரிகிறது. அந்தக் கைடை எழுதும்போது நாவல் என் கையில் இல்லை. பதிப்பகக்காரர் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மூத்த மருமகளை நினைத்தேன், பேருந்து நிறுத்தத்தை நினைத்தேன், 'வாய் பாத்துக்கிட்டு நிக்காதே' என்ற வசனத்தை நினைத்தேன். அதற்குமேல் வந்தது நாவல்தான் என்று நம்பி எழுதினேன். அன்றிலிருந்து இன்றுவரை நம்பிக்கொண்டே இருந்திருக்கிறேன். இலக்கியம் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறேன், படித்தது எது பட்டது எது என்று தெரியவில்லை!

அண்ணி, நீங்கள் அந்தப் பக்கத்தில் உங்களைத் தேடினீர்கள். வாய்த்துடுக்கில் தேடினீர்கள், சர்க்கரை டப்பாவில் தேடினீர்கள், வாசலில் எடை போடுவதில் தேடினீர்கள். அங்கெல்லாம் இருந்தது நாவலில் வரும் மருமகள். நீங்கள் இருந்தது ஒரே ஒரு இடத்தில்தான். அதைத்தான் பொய் என்று பிடித்துக் கொடுத்தீர்கள்.

பதிப்பகக்காரரிடம் சொன்னேன். "மேடம், எல்லாப் பசங்களும் அதைத்தான் எழுதறாங்க, விட்டுடுங்களேன்" என்று கெஞ்சினார். முடியாது, தப்பு தப்புதான் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, பேனாவை எடுத்து அந்தப் பத்தியின் மேல் கோடு போட எனக்குக் கை வரவில்லை. அதை எடுத்துவிட்டால் அந்தப் பெண்ணுக்கு நல்லதென்று சொல்ல ஒன்றுமே மிஞ்சாது என்று தோன்றுகிறது. நீங்களே சொல்லுங்கள். எடுக்கட்டுமா?

உங்கள் சின்னவள்


ஜூலை 28

சின்னவளுக்கு,

எடு. பாடத்தில் இல்லாதது பாடத்தில் இருக்கக் கூடாது. இதைக் கேட்க ஒரு கடிதமா?

அந்தச் செருப்பைப் பற்றி நீயாக ஒரு காவியம் எழுதி வைத்திருக்கிறாய். நடந்ததைச் சொல்கிறேன். அந்த ஊக்கு என் காலைக் குத்திக்கொண்டே இருந்தது. எவள் தலையிலாவது கட்டிவிடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், நீ வந்து மாட்டினாய். அவ்வளவுதான். கால் சுட்டது உண்மை. ஒவ்வொரு கடை நிழலிலும் ஒதுங்கி ஒதுங்கி நடந்தேன். பழக்கடைக்காரர், "என்னம்மா, கையில செருப்பை வெச்சுக்கிட்டுக் காலைச் சுட்டுக்கறீங்க?" என்று கேட்டார். அவருக்கு அது அறுந்தது என்று தெரியாது. இதெல்லாம் உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

கடிதத்தை ஆசிரியர் அறையில் வைத்துப் படித்துத் தொலைத்தேன். பக்கத்தில் இருந்த விளையாட்டு டீச்சர், "கண்ணு ஏன் செவந்திருக்கு?" என்றார். சாக்பீஸ் தூள் என்றேன். பிறகுதான் அந்த அறையில் சாக்பீஸே கிடையாது என்று உறைத்தது. அவர் மேற்கொண்டு கேட்கவில்லை, நல்ல மனுஷி.

உன் கேள்விக்கு வருகிறேன். அவளுக்கு நல்லதென்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது என்கிறாய். ஒன்பதாம் அத்தியாயத்தை நீ மறுபடி படிக்க வேண்டும். "ஏறு" என்று சொன்ன பிறகு ஒரு வரி வருகிறது. பேருந்து கிளம்புகிறது, முனையில் திரும்புகிறது, புகை அடங்குகிறது. அதுவரை அவள் அங்கேயே நிற்கிறாள். வீட்டில் அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்தவள் நிற்கிறாள். நானே முதல் தடவை அதைத் தாண்டிப் போய்விட்டேன், செருப்பைத் தேடும் அவசரத்தில். நேற்று வகுப்பில் அந்த வரியை வாசித்துவிட்டு, "இவ ஏன் வீட்டுக்குப் போகாம நிக்கறா?" என்று கேட்டேன். முன்வரிசைப் பிள்ளைகள் கைடைப் புரட்டினார்கள். பிறகு அந்தக் கடைசி வரிசைப் பெண், "அவங்களுக்குச் சொல்லத் தெரியாது டீச்சர். நிக்கத்தான் தெரியும்" என்றாள். செருப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைப் போடு. தலைப்பு 'உள்ளே ஈரம்' என்றே இருக்கட்டும். சிக்கனத்தைக் குறையிலிருந்து எடுத்து நிறையில் சேர். கத்தரிக்காய் விஷயத்தை உன் இஷ்டத்துக்கு விடுகிறேன்.

பந்தயத்தில் நீ தோற்றாய். வரும் சனிக்கிழமை கிளம்பி வா. ஒரு வாரம் இரு. சமையலறை ஜன்னல் கிழக்குப் பக்கம், காலையில் நல்ல வெயில் வரும். உன் அண்ணன் பேருந்து நிறுத்தத்துக்கு வந்து கூட்டிக்கொண்டு வருவார். எனக்கு விடைத்தாள் திருத்துகிற வேலை தலைக்கு மேல் இருக்கிறது.

அண்ணி

பின்குறிப்பு: உன் அண்ணன் வேண்டாம். அவருக்கு எந்தப் பேருந்து எந்தப் பக்கம் நிற்கும் என்றே தெரியாது. நானே வந்து நிற்கிறேன். நல்ல செருப்பாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு வா. இப்போது என் காலில் இருப்பது புதுசு, கேட்டாலும் தர மாட்டேன்.